யாதவகிரி ஆக்டேவியா

வாங்கினால் பழைய வண்டிதான் என்று ஜோதிமணி தீர்மானமாக இருந்தாள். கேட்டவர்களெல்லாம் கையில் பணம் இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள். காரணம் அதுவல்ல.

மைசூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே பிரிவில் அவளுக்கு வேலை. கொள்ளேகாலம் சாலையில் அடிபட்டு வருகிறவர்களை அவள்தான் படம் எடுப்பாள். விலா, இடுப்பு, தொடை என்று உடைந்த எலும்புகளைப் பார்த்துப் பார்த்து, கூட வந்தவர்களிடம் "எந்த வண்டி?" என்று கேட்பது பழக்கமாகிவிட்டது. கதவைச் சாத்தினால் பீரோ சாத்துகிற மாதிரிச் சத்தம் வருமே, அந்தப் பழைய ஐரோப்பிய வண்டிகளில் வந்தவர்கள் பெரும்பாலும் தங்கள் காலிலேயே நடந்து வந்து எக்ஸ்ரே மேஜையில் படுத்தார்கள். தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் அவள் மனதில் அது பதிந்துவிட்டது.

அவளுடைய அம்மா சித்தம்மா, மலைப் பக்கத்துக் கிராமமான கௌதள்ளியில் தனியாக இருந்தாள். இடுப்பில் ஆபரேஷன் ஆன பிறகு பஸ்ஸில் உட்கார முடியவில்லை. சிகிச்சைக்கு மைசூர் வர வேண்டும். அமாவாசைக்கு மாதேஸ்வரன் மலைக்குப் போக வேண்டும். இந்த மாதம் வேண்டாம் என்றால் அன்றைக்குச் சாப்பிட மாட்டாள். குண்டும் குழியுமான சாலை, மலையேறும் வளைவுகள், வலிக்கிற இடுப்பு, இவ்வளவையும் தாங்குகிற வண்டி வேண்டும்.

மாதக்கணக்கில் படித்தாள். வண்டிக்காரர்கள் எழுதிய அனுபவங்கள், காணொளிகள், ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களின் பேச்சு எல்லாம் கேட்டாள். புதிய தலைமுறை வண்டிகளில் ஒயரும் கம்ப்யூட்டரும் ஏராளம், ஆட்டோமேட்டிக் கியர் பழுதானால் வண்டி விலையில் பாதியைக் கேட்கும் என்று புரிந்தது. பழைய டீசல் என்ஜின், கையால் போடுகிற கியர், ஒரே சொந்தக்காரர் கையில் இருந்த வண்டி. வெள்ளத்தில் நிற்காத வண்டி. கடைசியில் முதல் தலைமுறை ஆக்டேவியா காரில் வந்து நின்றாள்.

அப்படி ஒன்று யாதவகிரியில் இருந்தது. கறுப்பு நிறம். விளம்பரத்தில் கடைசி வரி: "தரகர்கள் வர வேண்டாம்."

வண்டிக்காரி ஆண்டாள். மேல்கோட்டைப் பக்கத்து வைணவக் குடும்பம். கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், கணவர் காலமாகிவிட்டார். வெளிநாட்டில் இருக்கும் மகன், இந்த வயசில் உனக்கு எதற்கு வண்டி என்று நச்சரித்து விற்க வைத்திருந்தான்.

"பானெட்டைத் தொட்டுப் பாருங்கோ முதல்ல" என்றார் ஆண்டாள். "சில்லுனு இருக்கா? முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வெச்சு ஏமாத்தறா. நான் அப்படிப் பண்ணலை."

ஒரே திருகில் கிளம்பியது. புகை வரவில்லை. ஆண்டாள் பக்கத்தில் உட்கார, ஜோதிமணி சாமுண்டி மலை வரைக்கும் ஓட்டிப் பார்த்தாள். ஏற்றத்தில் மூன்றாவது கியரிலேயே முனகாமல் ஏறியது. வளைவில் தரையைப் பிடித்துக்கொண்டு போனது. டைமிங் பெல்ட் போன வருஷம் மாற்றியது, பதினைந்து வருஷம் முடிந்து எஃப்.சி.யும் புதுப்பித்தாயிற்று என்று ஆண்டாள் சொல்லிக்கொண்டே வந்தார். இறங்கும்போது ஜோதிமணிக்கு அந்த ஸ்டீயரிங்கை விட மனமில்லை.

"எனக்குப் பிடிச்சிருக்குங்க."

"யாரையாவது கூட்டிண்டு வந்து ஒருதரம் காமிச்சுக்கோங்கோ. அப்புறம் என்னை ஒண்ணும் சொல்லப்படாது."

அந்த வார்த்தைதான் வினையாயிற்று.

ஜோதிமணியின் அக்கா காவேரியின் புருஷன் சந்துரு, மைசூர் ரிங் ரோட்டில் பழைய கார் வாங்கி விற்கிறவன். பேச்சில் கன்னடம் கலந்து வரும். குடும்பத்தில் யார் வண்டி வாங்கினாலும் அவனைக் கேட்காமல் வாங்குவதில்லை. தனக்கே எல்லாம் தெரியும் என்று ஜோதிமணி சொன்னதும் அம்மா போனில் பிடித்துக்கொண்டாள்.

"வூட்டுல ஒரு மாப்பிள்ளை அதே தொழில்ல இருக்கறப்ப, நீயாப் போயி வாங்கிப்போட்டு வந்தா அவருக்கு எப்படி இருக்கும்? ஆம்பிளை ஒருத்தரு பாத்துப்போட்டுச் சொல்லட்டும் கண்ணு."

அக்காவும் அதையே சொன்னாள். ஜோதிமணிக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் சரி என்றாள். வண்டி பார்க்கிற அன்றைக்கு அவளுக்குப் பகல் டியூட்டி. சந்துரு தனியாகவே யாதவகிரிக்குப் போய்விட்டு வந்து கூப்பிட்டான்.

"அம்மிணி, தப்பிச்சே. டர்போ போச்சு. என்ஜின் ஹெட்டுல விரிசல் இருக்கு. அந்தம்மா தேச்சுப் பளபளன்னு வெச்சிருக்காங்க, அஷ்டே, அவ்வளவுதான். ஆறு மாசம் தாங்காது."

"நான் ஓட்டினப்ப நல்லாத்தான இருந்துதுங்க மாமா?"

"நீ எத்தனை வண்டி பாத்திருக்கே? நான் எத்தனை பாத்திருக்கேன்?"

ஆறு மாதம் படித்ததெல்லாம் அந்த ஒரு கேள்வியில் ஒன்றுமில்லாமல் போயிற்று. இனிக்க இனிக்கப் பேசி ஏமாற்றிவிட்டாரே என்று ஆண்டாள் மேல்தான் கோபம் வந்தது. "வண்டி வேண்டாம்" என்று மட்டும் ஒரு குறுஞ்செய்தி அனுப்பினாள்.

அடுத்த வாரம் சந்துரு தன் இடத்திலிருந்தே ஒரு வண்டியைக் காட்டினான். அதுவும் ஐரோப்பிய வண்டிதான், ஆனால் புது மாடல். ஆட்டோமேட்டிக், கூரையில் கண்ணாடித் திறப்பு, தோல் இருக்கை, பெரிய திரை. ஜோதிமணிக்குப் பிடிக்கவில்லை. எனக்கு வேண்டியது இது இல்லை என்று சொன்னாள். அக்கா, அம்மா, சந்துரு மூன்று பேரும் மாறி மாறிப் பேசினார்கள். "மாமா உனக்குன்னு விலை குறைச்சுத் தராரு" என்றாள் காவேரி. கடைசியில் தலையாட்டிவிட்டாள்.

அந்த அமாவாசைக்கு அம்மாவை ஏற்றிக்கொண்டு மலைக்குப் புறப்பட்டாள். முந்தின நாள் நல்ல மழை. தாளபெட்டா அடிவாரத்தைத் தாண்டி, ஏற்றம் தொடங்கிக் கொஞ்ச தூரத்திலேயே திரையில் இருந்த விளக்கெல்லாம் ஒரே சமயத்தில் எரிந்தது. பிறகு எல்லாம் அணைந்தது. என்ஜின் நின்றது. ஸ்டீயரிங் கல்லாகிவிட்டது. வளைவில், ஏற்றத்தில், வண்டி மெதுவாகப் பின்னால் உருள ஆரம்பித்தது.

பின்னால் ஒரு பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. பின் இருக்கையில் சித்தம்மா "மாதப்பா, மாதப்பா" என்று கத்தினாள். ஜோதிமணி இருக்கையை விட்டு எழும்பிப் பிரேக்கை மிதித்தாள். மலைக்கு நடந்துபோய்க்கொண்டிருந்த கூட்டத்திலிருந்து நாலைந்து பேர் ஓடி வந்து சக்கரத்துக்குக் கல் வைத்தார்கள். ஒரு பெண் கதவைத் திறந்து சித்தம்மாவை இறக்கப் பார்த்தாள். இடுப்பு பிடித்துக்கொண்டு இறங்க முடியவில்லை. ஜோதிமணி இறங்கிப் பள்ளத்துப் பக்கம் எட்டிப் பார்த்தாள். பின் சக்கரத்துக்கும் தடுப்புக் கல்லுக்கும் இடையே ஓர் ஆள் படுக்கிற இடம்தான் இருந்தது.

அங்கிருந்தே சந்துருவைக் கூப்பிட்டாள்.

"ஆட்டோமேட்டிக் ஓட்டத் தெரியோணும் அம்மிணி" என்றான் அவன். "மேட்டுல நீ ஏதாச்சும் தப்பா மாத்தியிருப்பே. சும்னே டென்ஷன் ஆவாதே. கீழ எடுத்துட்டு வா, பாத்துக்கலாம்."

கீழே எடுத்துவர வண்டி நகரவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவன் வைத்துவிட்டான்.

இழுத்துக்கொண்டு வந்த மறுநாள், ஹனூரில் ஒரு பட்டறை வாசலில் நின்ற வண்டிக்குள் ஜோதிமணி தலையை விட்டாள். நல்ல வெயில். ஜன்னல்களைச் சாத்தி வைத்திருந்ததால் உள்ளே சேற்று நாற்றம் எழுந்தது, குளம் வற்றும்போது வருமே அந்த நாற்றம். தரை விரிப்பைப் பிடித்து இழுத்தாள். அடியில் வண்டல் மண் அப்பிக் கிடந்தது. இருக்கையைத் தாங்கும் இரும்பெல்லாம் துருப்பிடித்திருந்தது. ஒயர்க் கட்டுகள் பச்சை பூத்திருந்தன. எந்த ஊர் வெள்ளத்திலோ கழுத்தளவு மூழ்கிக் கிடந்த வண்டி.

தெரியாமல் விற்றிருப்பானா? வண்டி வாங்குவதும் விற்பதுமே தொழிலாக இருக்கிறவன், இந்த விரிப்பைத் தூக்கிப் பார்க்காமல் வாங்கியிருப்பானா? அவள் அதே கேள்வியைப் போனில் கேட்டபோது, "பழைய வண்டின்னா அப்படித்தான், ரெடி பண்ணிக் குடுக்கறேன் விடு" என்றான். வண்டி நாலு நாள் அவனிடத்தில் நின்று திரும்பி வந்தது. சமதரையில், வெயில் நாளில் ஓடியது. மழை பெய்தால் அதை எடுக்க அவளுக்குப் பயமாக இருந்தது.

அந்தக் கோபத்தை விழுங்கிக்கொண்டுதான் அவள் ஒரு சனிக்கிழமை தேவராஜ மார்க்கெட்டில் வாழைப்பழம் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். பக்கத்து வெற்றிலைக் கடையில் ஆண்டாள் நின்றிருந்தார். ஜோதிமணியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஜோதிமணிக்குச் சுருக்கென்றது. விரிசல் விட்ட என்ஜினைத் தேய்த்து விற்கப் பார்த்தவர் முகத்தைத் திருப்புகிறாரா?

"மூஞ்சியைத் திருப்ப வேண்டியது நானுங்க" என்றாள்.

ஆண்டாள் விருட்டென்று திரும்பினார். "என்ன சொன்னே? மலை வரைக்கும் ஓட்டிப் பாத்துட்டு, பிடிச்சிருக்குன்னுட்டுப் போனே. வேண்டாம்னா நேர்ல வந்து சொல்லத் தெரியாதா நோக்கு? ஓட்டை வண்டி, காயலான் கடைக்குப் போடுன்னு உங்க மாமாகிட்டச் சொல்லி அனுப்பறதா?"

"நான் அப்படிச் சொல்லவே இல்லையே!"

"அவன் சொன்னானே! 'என் மச்சினிச்சி பாத்தவுடனே பயந்துட்டாங்க, டர்போ போயிடுத்து, நடு ரோட்டுல நின்னா உங்க உயிருக்கே ஆபத்து, நான் வேணா இரும்பு விலைக்கு எடுத்துக்கறேன்'னு. என் பிள்ளையும் போன்ல 'தள்ளிவிடும்மா'ன்னான். குடுத்துட்டேன்."

பழக்காரர் தராசைக் கையில் பிடித்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வண்டியை அவரா எடுத்துக்கிட்டாரு?"

"அன்னிக்கே எடுத்துண்டு போனான். உடைச்சு வித்துட்டேன்னான். உடைச்ச வண்டி போன வாரம் கொள்ளேகாலத்துல வேகமாப் போனதுன்னு என் போனுக்கு அபராதம் வந்திருக்கு. எப்படி வரும்? அவனைக் கூப்பிட்டா எடுக்க மாட்டேங்கறான்." ஆண்டாள் கைப்பையிலிருந்து போனை எடுத்து நீட்டினார். படத்தில் அதே கறுப்பு ஆக்டேவியா. ஓட்டுகிறவன் முகம் தெரியவில்லை. ஆனால் கண்ணாடியில் தொங்கிய சிவப்பு மணிமாலை ஜோதிமணி அக்காவுக்குக் கட்டிக்கொடுத்தது.

விற்கக்கூட இல்லை. அவன் தனக்கே வைத்துக்கொண்டிருக்கிறான். நல்ல வண்டி எது என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அவள் ஆறு மாதம் படித்துக் கண்டுபிடித்ததை அவன் அரை மணி நேரத்தில் கண்டுகொண்டு, இரண்டு பெண்களிடமும் இரண்டு பொய் சொல்லி, அதைத் தான் எடுத்துக்கொண்டு, தண்ணீரில் அழுகினதை அவள் தலையில் கட்டியிருக்கிறான். அதில் அம்மாவை உட்கார வைத்து அவள் மலையேற்றினாள்.

"இப்பவே போலாங்க" என்றாள். "என்னோட வண்டி வெளிய நிக்குது. இன்னிக்கு வெயில். ஓடும்."

சந்துருவின் இடத்துக்குப் போகிற வழியெல்லாம் ஆண்டாள் வெற்றிலைப் பொட்டலத்தை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார்.

ரிங் ரோடு ஓரத்தில் தகரக் கூரை போட்ட பெரிய இடம். முன்னால் விற்பனை வண்டிகள் வரிசையாக நின்றன. பின்னால், வேப்பமரத்து நிழலில், தனியாக, துடைத்துப் பளிச்சென்று அந்த ஆக்டேவியா. ஜோதிமணி தன் வண்டியை உள்ளே கொண்டுபோகவில்லை. கேட்டுக்குக் குறுக்கே, ஒரு ஸ்கூட்டர்கூட நுழைய முடியாதபடி நிறுத்தி, அணைத்து, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

சந்துரு ஓர் இளம் தம்பதிக்கு வெள்ளை வண்டி ஒன்றைக் காட்டிக்கொண்டிருந்தான். காவேரி சாப்பாட்டுத் தூக்கோடு ஆபீஸ் அறை வாசலில் நின்றிருந்தாள். தங்கையைப் பார்த்ததும் சிரித்தாள். பின்னால் வந்த ஆண்டாளைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"வா அம்மிணி" என்றான் சந்துரு. ஆண்டாளைக் கண்டதும் ஒரு நொடி தடுமாறி, உடனே குரலை மாற்றிக்கொண்டான். "மேடம், நமஸ்கார. நானே கூப்பிடணும்னு இருந்தேன்."

"டர்போ போன வண்டிக்கு வேகமாப் போனதுன்னு அபராதம் வருமாடா?" என்று கேட்டார் ஆண்டாள்.

"அது... கொஞ்சம் ரிப்பேர் பண்ணி..."

"என்ன ரிப்பேர் பண்ணீங்க?" ஜோதிமணி கேட்டாள். "ஹெட்டு மாத்தினீங்களா? டர்போ மாத்தினீங்களா? பில்லு காட்டுங்க."

"இங்க பாரு, கஸ்டமரு இருக்காங்க. உள்ள வா, பேசிக்கலாம்."

"இல்லீங்க. இங்கயே பேசலாம்."

சந்துரு சிரித்தான். அந்தச் சிரிப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. "சரி, சொல்றேன். நல்ல வண்டிதான். அந்த மாதிரி வண்டி இனி வராது. எனக்கும் ஆசை இருக்காதா? வியாபாரத்துல இதெல்லாம் சகஜம். உனக்கென்ன குறை வெச்சேன்? புது மாடலு, சன்ரூஃபு எல்லாம் வெச்சதைத்தான குடுத்தேன்?"

"சந்துரு!"

அவள் அவனைப் பேர் சொல்லி அழைத்தது அதுதான் முதல் தடவை. காவேரி அதிர்ந்துபோய் "ஜோதி!" என்றாள்.

"எங்கம்மா அந்த வண்டியில இருந்தாங்க. பள்ளத்துல போயிருந்தா ரெண்டு பேரையும் என் மேஜையிலதான் கொண்டாந்து போட்டிருப்பாங்க. நீ சகஜம்ங்கறே. விரிப்புக்குக் கீழ சேறு இருந்துது. நான் கையில அள்ளினேன். உனக்குத் தெரியாதா? தெரிஞ்சேதான குடுத்தே?"

"பேர் சொல்லிப் பேசறே, நீ, வா, போன்னு பேசறே. பாத்துக்க காவேரி, உன் தங்கச்சி லட்சணத்தை."

ஜோதிமணி திரும்பி, வெள்ளை வண்டிப் பக்கம் நின்ற தம்பதியைப் பார்த்தாள். அந்தப் பெண்ணுக்கு வயிறு லேசாக மேடிட்டிருந்தது. ஜோதிமணி கன்னடத்தில் சொன்னாள்: விரிப்பைத் தூக்கிப் பாருங்கள், ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே மூச்சை இழுத்துப் பாருங்கள், நான் இவருடைய சொந்த மச்சினிச்சி, எனக்கே வெள்ளத்தில் மூழ்கின வண்டியை விற்றிருக்கிறார். கணவன் தயங்கினான். அந்தப் பெண் குனிந்து ஓட்டுநர் பக்கத்து விரிப்பின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினாள். அந்த வண்டியில் ஒன்றும் இல்லை, சுத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, அப்புறம் வருகிறோம் என்று கிளம்பிவிட்டார்கள்.

சந்துருவின் முகம் அப்போதுதான் மாறியது. "வியாபாரத்துல மண்ணள்ளிப் போட்டுட்டியே!" என்று கையை ஓங்கிக்கொண்டு வந்தான். ஆண்டாள் நடுவில் வந்து நின்றார். உயரம் அவன் தோள் வரைக்கும்தான்.

"கையை இறக்கு. ஆர்.சி. இன்னும் என் பேர்ல இருக்கு. கையெழுத்து வாங்கிண்டே, மாத்தலை. அதால யார் மேலயாவது இடிச்சிருந்தா நான்னா கோர்ட்டுல நின்னிருக்கணும்? நீ குடுத்த பணம் பேங்க்ல அப்படியே கிடக்கு. சாயங்காலத்துக்குள்ள உன் கணக்குக்கு வந்துடும். இப்ப சாவியைக் குடுக்கறியா, இல்லை ஸ்டேஷனுக்குப் போயி, உடைச்சுட்டேன்னு பொய் சொல்லி என் வண்டியை ஓட்டிண்டிருக்கான்னு எழுதிக் குடுக்கட்டுமா?"

காவேரிதான் உள்ளே போய்ச் சாவியை எடுத்துவந்து ஆண்டாள் கையில் கொடுத்தாள். எங்கே இருக்கிறது என்று தேடவில்லை. ஜோதிமணி அதைக் கவனித்தாள்.

"அக்கா, உனக்குத் தெரியுமா?"

காவேரி தரையைப் பார்த்தாள்.

"அந்த வண்டி நல்ல வண்டின்னு உனக்குத் தெரியுமான்னு கேக்கறேன்."

"வந்த அன்னிக்கே சொன்னாரு."

"சேத்துல நின்ன வண்டின்னும் தெரியுமா?"

"அது சத்தியமாத் தெரியாது ஜோதி. அம்மாவை ஏத்தறதுக்கு விடுவேனா?" காவேரி அழுதாள். அழுகையோடே அவளுக்கும் கோபம் வந்தது. "நீ கத்திப்போட்டுப் போயிருவே. உனக்கு மைசூர்ல வேலை இருக்குது, வூடு இருக்குது. ராத்திரி இந்த மனுசனுக்குச் சோறு போடறது நானு. வாயத் தொறந்தா என்ன ஆகும்னு உனக்குத் தெரியுமா?"

"நீ போன் பண்ணி அந்தக் கறுப்பு வண்டியையே வாங்கிக்கோன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தை. அதுக்குப் பதிலா, விலை குறைச்சுத் தராருன்னு சொன்னே."

ஜோதிமணி சந்துருவிடம் திரும்பினாள். "என் பணம் முழுசா வர்ற வரைக்கும் நீ குடுத்த வண்டி கேட்டுலதான் நிக்கும். சாவி என்கிட்ட இருக்குது. இழுத்து ஓரமாப் போட்டா நானும் ஸ்டேஷனுக்குத்தான் போவேன்."

ஆக்டேவியா ஒரே திருகில் கிளம்பியது. கேட்டில் வழி இல்லாததால் பக்கத்து மரக்கடைக்காரரிடம் கேட்டு அவர் இடம் வழியாக வெளியே வந்தார்கள். ஆண்டாள் ஓட்டினார். ரிங் ரோட்டில் ஏறியதும் ஜோதிமணி கண்ணாடியிலிருந்து அந்தச் சிவப்பு மணிமாலையை அவிழ்த்து ஜன்னலுக்கு வெளியே எறிந்தாள்.

"பேப்பர் வேலையெல்லாம் திங்கட்கிழமை வெச்சுக்கலாமுங்களா?" என்றாள் சிறிது நேரம் கழித்து. "நீங்க மொதல்ல சொன்ன விலைக்கே எடுத்துக்கறேன்."

ஆண்டாள் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை நான் இனிமே விக்க மாட்டேம்மா."

ஜோதிமணிக்குக் கேட்டது சரிதானா என்று சந்தேகம் வந்தது.

"என் பிள்ளை சொன்னான்னு விக்கப் பாத்தேன். அப்புறம் எவனோ ஒருத்தன் வந்து உயிருக்கு ஆபத்துன்னான், அதையும் நம்பினேன். இந்த மாசமெல்லாம் ஆட்டோக்காரன்கிட்ட நின்னு கெஞ்சினேன். என் வண்டி, நன்னா ஓடறது, எனக்கும் ஓட்டத் தெரியறது. நான் எதுக்கு விக்கணும்?"

"அப்ப நான்?" என்றாள் ஜோதிமணி. குரல் உயர்ந்துவிட்டது. "நான் கூட்டிட்டு வரலைன்னா உங்களுக்கு இது கிடைச்சிருக்குமா? அக்காகூட உறவு அறுந்துபோச்சு. எனக்குன்னு ஒண்ணும் இல்லாம இப்ப நடுத்தெருவுல நிக்கறேன்."

"உன் கோபம் நியாயந்தான். ஆனா வண்டி என்னோடது."

ஜோதிமணியை வீட்டு வாசலில் இறக்கும்போது, வேறு வண்டி பார்க்கப் போனால் தானும் கூட வருவதாக ஆண்டாள் சொன்னார். "வேண்டாமுங்க. நானே பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு ஜோதிமணி கதவை ஓங்கிச் சாத்தினாள். கனமான சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதில் இன்னும் எரிச்சல்தான் கூடியது.

மாடிப்படி ஏறும்போது, சந்துருவுக்கும் அந்தம்மாவுக்கும் என்ன வித்தியாசம் என்று நினைத்தாள். வித்தியாசம் இருந்தது. அந்தம்மா முகத்துக்கு நேரே சொன்னார். அன்றைக்கு அதை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

அம்மா தினமும் போன் செய்தாள். "பொட்டப்புள்ளைக்கு இத்தனை கோவம் ஆகாது கண்ணு. அவரு மாப்பிள்ளை. வண்டியை எடுத்துரு."

"மலையில பின்னாடி உருண்டப்ப நீயும்தான உள்ள இருந்தே?"

"மாதப்பன் காப்பாத்தினான்."

"கல்லு வெச்சவங்க காப்பாத்துனாங்கம்மா. எம்பட மாமன் காப்பாத்தலை."

வண்டி கேட்டிலேயே நின்றது. சந்துரு பக்கத்து மரக்கடை வழியாக வண்டிகளை எடுக்கப் பார்த்தான். இரண்டு நாளில் மரக்கடைக்காரர் வழியை அடைத்துவிட்டார். வாங்க வருகிறவர்கள் எல்லோரும் கேட்டில் ஏன் இந்த வண்டி நிற்கிறது என்று கேட்டார்கள். கேட்டவர்களுக்குச் சாலையோரம் பூ விற்கிற பெண் முதற்கொண்டு எல்லோரும் கதை சொன்னார்கள். அடுத்த வாரம் பணம் முழுவதும் வந்து சேர்ந்தது. கூடவே, இனி இந்த வீட்டு வாசற்படியை மிதிக்காதே என்று சந்துருவிடமிருந்து ஒரு செய்தியும் வந்தது. ஜோதிமணி சாவியைக் கூரியரில் அனுப்பினாள்.

பிறகு அவள் தனியாகவே தேடினாள். நஞ்சன்கூட்டில் ஒன்று, மண்டியாவில் ஒன்று என்று பார்த்துப் பார்த்து வேண்டாமென்றாள். ஒரு தரகர் "வூட்டுல ஆம்பிளைங்க யாரும் வரலையா?" என்று கேட்டபோது பதில் சொல்லாமல் நடந்துவிட்டாள். கடைசியில் ஹுணசூரில் புகையிலை வியாபாரி ஒருவரிடம் சாம்பல் நிற ஆக்டேவியா கிடைத்தது. கதவில் கீறல், இருக்கைத் துணி நைந்திருந்தது, ஏ.சி. சுமார்தான். என்ஜின் சுத்தம். விரிப்பைத் தூக்கிப் பார்த்தாள், ஸ்டெப்னி வைக்கும் குழியில் கைவிட்டுத் தடவினாள், மழை பெய்யும் ஒரு நாளுக்காகக் காத்திருந்து ஓட்டிப் பார்த்தாள். யாரையும் கேட்காமல் வாங்கினாள்.

கார்த்திகை அமாவாசைக்கு அம்மாவை மலைக்குக் கூட்டிப்போக மைசூரிலிருந்து கிளம்பினாள். கொள்ளேகாலம் பஸ் ஸ்டாண்டைக் கடக்கும்போது நடைமேடையில் காவேரி நின்றிருந்தாள். தனியாக, கையில் ஒரு பை. மலைக்குப் போகிற பஸ் கூட்டத்தில் ஏற முடியாமல் ஒதுங்கி நின்றிருந்தாள். பேசி நாலு மாதம் ஆகியிருந்தது.

ஜோதிமணி தாண்டிப் போய்விட்டாள். கொஞ்ச தூரம் போனதும் ஸ்டீயரிங்கில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். திருப்பிக்கொண்டு வந்து, அக்காவின் முன்னால் நிறுத்தி, உள்ளிருந்தபடியே பின் கதவைத் தள்ளித் திறந்தாள்.

காவேரி தயங்கிவிட்டு ஏறினாள். ஹனூரைத் தாண்டினார்கள். சாலை மோசமான இடம் வந்தது. வண்டி அதன் மேல் அமைதியாகப் போனது.

"வண்டி நல்லாருக்குது ஜோதி" என்றாள் காவேரி மெதுவாக.

"தெரியும்" என்றாள் ஜோதிமணி. கண்ணாடியில் அக்காவின் முகத்தைப் பார்த்தாள். அழுதுவிடுவாள் போலிருந்தது. "நீ அதைப் பத்திப் பேசாதே. வேற எதையாவது பேசு."

காவேரி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, அம்மாவின் இடுப்பு வலி இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.